வலமும் இடமும் கலந்த கோப்புப் பெயர்கள்

அரபி, ஹீப்ரு, பாரசீகம், உருது, மாலத்தீவின் திவேஹி முதலிய மொழிகள் வலப்புறத்தில் தொடங்கி இடப்புறம் நோக்கி எழுதப்படுகின்றன என்பதும், தமிழும் ரோமனும் தேவநாகரியும் அதற்கு நேர்மாறாகச் செல்கின்றன என்பதும் பள்ளிச் சிறுவரும் அறிந்த விஷயம். ஆயினும் இவ்விரு வகை லிபிகளும் கணினியில் ஒரே கோப்பின் பெயருக்குள் அருகருகே வந்து அமரும்போது, அப்பெயரில் உள்ள தேதியின் நாளும் மாதமும் ஏன் இடம் மாறித் தோன்றுகின்றன, தாய்க் கோப்புறையும் சேய்க் கோப்புறையும் ஏன் முன்பின்னாக நிற்கின்றன, ஒரு கணினியில் நேராகத் தெரியும் பெயர் மற்றொன்றில் ஏன் தலைகீழாகத் தெரிகிறது என்னும் வினாக்களுக்கு விடையறிந்தோர், நாள்தோறும் அத்தகைய கோப்புகளைக் கையாளுவோரிலும் மிகச் சிலரே. விடை அறியாமையால் நேரும் நஷ்டமோ சிறிதன்று. ஏப்ரல் ஐந்தாம் தேதி செலுத்த வேண்டிய தொகையை மே நான்காம் தேதிக்கு உரியதென்று கருதி ஒதுக்கி வைத்துவிட ஒரு சிறுகோட்டின் தோற்றமே போதும்.

வளைகுடா நாடுகளின் அலுவலகங்களில் கணக்கெழுதுவோராகவும் ஆவணம் பேணுவோராகவும் பணிபுரியும் தமிழர் பலர். அவர்கள் கைக்கு வரும் விலைப்பட்டியல்களும் ஒப்பந்தங்களும் அரபிச் சொல்லும் மேற்கத்திய இலக்கமும் ரோமன் பின்னொட்டும் கலந்த பெயர்களையே பெரும்பாலும் தாங்கியுள்ளன. அவர்களைப் போலவே, கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் இலங்கையிலும் அரபி லிபியில் தமிழை எழுதி நம் முஸ்லிம் முன்னோர் ஆக்கிவைத்த அரபுத்தமிழ் நூல்களை ஒளிநகலெடுத்துக் கணினியில் சேமிக்க முற்படுவோருக்கும், நூலின் பெயரை அதன் சொந்த லிபியிலேயே கோப்பின்மேல் எழுதும் ஆசையும், எழுதியபின் பக்க எண்கள் புரண்டு நிற்கும் தொல்லையும் சேர்ந்தே வருகின்றன. இவ்விரு சாராரையும் மனத்திற்கொண்டே இந்த அத்தியாயம் எழுதப்படுகிறது.

உதாரணங்களைத் தரும் முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். அரபியிலோ ஹீப்ருவிலோ எழுதப்பட்ட சொல்லைச் சதுர அடைப்புக்குள் தமிழ் ஒலிப்பில் காட்டுவேன். [ஃபாத்தூரா] என்று கண்டால், விலைப்பட்டியலைக் குறிக்கும் அரபிச் சொல் அரபி எழுத்திலேயே அவ்விடத்தில் நிற்பதாக வாசகர் கொள்ள வேண்டும். சதுர அடைப்பு பெயரின் பகுதியன்று. ரோமன் எழுத்தில் அமையும் பின்னொட்டு முதலியவற்றைத் தமிழிலேயே எழுதியிருக்கிறேன். திசையைப் பொறுத்தமட்டில் தமிழெழுத்தும் ரோமன் எழுத்தும் கணினிக்கு ஒன்றே ஆதலால் இதனால் பிழை நேராது.

இனி, எல்லாவற்றுக்கும் மூலமான உண்மை ஒன்றுண்டு. கணினி ஒரு பெயரை, அதனை நாம் வாயால் சொல்லும் வரிசையிலேயே சேமிக்கிறது. முதலில் உச்சரிக்கப்படும் எழுத்து, அது எந்த லிபியைச் சேர்ந்ததாயினும், நினைவகத்தில் முதலிடம் பெறுகிறது. திரையில் அது எப்பக்கம் தோன்ற வேண்டும் என்பது, சேமிப்பெல்லாம் முடிந்தபின், காட்டும் நேரத்தில் மட்டும் நிர்ணயிக்கப்படுகிறது. பழைய காலத்து ஹீப்ருக் கணினிகளில் கண்ணுக்குத் தோன்றும் வரிசையிலேயே எழுத்துகளைச் சேமித்து வைத்த வழக்கமும் இருந்தது. 1991ஆம் ஆண்டு முதற்பதிப்பு வெளிவந்த யூனிகோட் அவ்வழக்கத்தை ஏற்காது, சொல்லும் வரிசையையே சேமிப்பு வரிசையாகக் கொண்டு, தோற்றத்தைக் கணக்கிடுவதற்குத் தனியாக ஒரு விதித்தொகுதியை வகுத்தது. அத்தொகுதி இன்று யூனிகோடின் ஒன்பதாம் இணைப்பு என்ற பெயரில் வழங்குகிறது. கோப்புகளை அகர வரிசைப்படுத்துவதும், தேடுவதும், ஒரு கோப்பு எவ்வகையினது என்று பின்னொட்டைக் கொண்டு தீர்மானிப்பதும் ஆகிய காரியங்கள் யாவும் சேமிப்பு வரிசையைக் கொண்டே நடைபெறுகின்றன. தோற்ற வரிசை மனிதக் கண்ணுக்கு மாத்திரம் உரியது. இந்த வேற்றுமையை மனத்தில் ஊன்றிக்கொண்டவருக்கு மற்றவை எளிது.

அவ்விதிகளின்படி எழுத்துகள் மூவகையாகப் பிரிகின்றன. தமிழ், ரோமன், அரபி, ஹீப்ரு முதலியவற்றின் எழுத்துகள் தமக்கென உறுதியான திசை உடையவை. இலக்கங்களும், சிறுகோடு, புள்ளி, காற்புள்ளி முதலிய சில குறிகளும் தளர்ந்த திசை உடையவை. அக்கம்பக்கத்து எழுத்தைப் பார்த்து ஒழுகுபவை. இடைவெளி, அடிக்கோடு, பின்சாய்கோடு, அடைப்புக்குறி ஆகியன திசையே இல்லாதவை. தமக்கு இருபுறமும் நிற்பவை ஒரே திசையினவானால் அத்திசையையும், வெவ்வேறு திசையினவானால் வரியின் ஆதாரத் திசையையும் ஏற்றுக்கொள்பவை. ஆதாரத் திசை என்பது அந்த வரி முழுவதற்கும் பொதுவான போக்கு. ஆங்கிலத்திலோ தமிழிலோ அமைந்த விண்டோஸில் அது இடமிருந்து வலம்; அரபி மொழியில் அமைத்த விண்டோஸில் வலமிருந்து இடம்; சில செயலிகள் பெயரின் முதல் உறுதியான எழுத்தைப் பார்த்துத் தாமே அதனைத் தீர்மானித்துக்கொள்கின்றன. ஆகவே ‘[ஃபாத்தூரா].பிடிஎஃப்’ என்னும் ஒரே பெயர் ஒருவர் திரையில் பின்னொட்டு வலக்கோடியில் நிற்கவும், அடுத்த மேஜைக்காரர் திரையில் ‘பிடிஎஃப்.[ஃபாத்தூரா]’ எனப் பின்னொட்டு இடக்கோடியில் நிற்கவும் காணப்படுமாயின், இருவரிடமும் இருப்பது ஒரே கோப்பே என்று தெளிய வேண்டும். ஒருவர் பெயரை மற்றவர் “திருத்த” முற்படுவதே பல குழப்பங்களுக்குத் தொடக்கமாகிறது.

தொல்லைகளில் மிகப் பெரியது இலக்கங்களால் வருவது. ஆகையால் அதனைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

‘[ஃபாத்தூரா]-05-04.பிடிஎஃப்’ என்று ஒரு பெயர் சேமிக்கப்பட்டிருக்கிறது. நாள் ஐந்து, மாதம் ஏப்ரல். ஆதாரத் திசை இடமிருந்து வலமாக உள்ள திரையில் இது எவ்வாறு தெரியும்? அரபி எழுத்தை அடுத்து வரும் மேற்கத்திய இலக்கத்தை யூனிகோட் அரபி இலக்கமாகவே கருதுகிறது. அரபி இலக்கங்கள் இரண்டின் நடுவே நிற்கும் சிறுகோட்டுக்கு அவ்விலக்கங்களை ஒரே எண்ணாகப் பிணைக்கும் சக்தி இல்லை. அது திசையற்ற குறியாகி, சூழ்ந்துள்ள அரபிப் போக்கில் அடங்கிவிடுகிறது. எனவே 05 ஓர் எண்ணாகவும் 04 வேறோர் எண்ணாகவும் பிரிந்து, அரபிச் சொல்லிலிருந்து இடப்புறமாக ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. விளைவு: ‘04-05-[ஃபாத்தூரா].பிடிஎஃப்’. இடமிருந்து வலமாகப் படிக்கும் பழக்கமுடைய நாம் இதனை மே மாதம் நான்காம் தேதி என்றே படிப்போம். அரபி படிக்கத் தெரிந்த நண்பரோ வலமிருந்து சென்று ஐந்து, நான்கு என்று சரியாகவே படிப்பார். இருவரும் ஒரே திரையைப் பார்த்து இருவேறு தேதிகளைக் குறித்துக்கொள்ளக் கூடும் என்பதைவிட, ஆவணம் பேணுவோர் அஞ்ச வேண்டிய அபாயம் வேறில்லை என்பது என் அபிப்பிராயம்.

வியப்பு யாதெனில், அரபிச் சொல்லுக்குப் பதிலாக ஹீப்ருச் சொல் ஒன்றை அதே இடத்தில் வைத்தால் விளைவு மாறிவிடுகிறது. ‘[ஹெஷ்போனித்]-05-04.பிடிஎஃப்’ என்பது ‘05-04-[ஹெஷ்போனித்].பிடிஎஃப்’ என்று தோன்றும். தேதி சொல்லுக்கு இடப்புறம் தாவியிருப்பினும் தன்னளவில் குலையவில்லை. ஹீப்ரு எழுத்தை அடுத்த இலக்கங்கள் மேற்கத்திய இலக்கங்களாகவே நீடிப்பதும், அவ்விலக்கங்களின் நடுவே வரும் ஒற்றைச் சிறுகோடு அவற்றோடு ஒன்றாகிவிடுவதுமே இதற்குக் காரணம். ஆனால் சிறுகோட்டை எடுத்துவிட்டு அடிக்கோட்டை வைத்துப் பாருங்கள். ‘[ஹெஷ்போனித்]_05_04’ என்பது ‘04_05_[ஹெஷ்போனித்]’ என்று அரபியைப் போலவே புரண்டுவிடும், ஏனெனில் அடிக்கோடு எங்கும் எப்போதும் திசையற்றது. புள்ளியோ இருவகையிலும் பாதுகாப்பானது. ஒரே வகை இலக்கங்களின் நடுவே நிற்கும் ஒற்றைப் புள்ளி அவற்றோடு இணைந்து ஒரே எண்ணாகிவிடுவதால் ‘05.04’ என்பது அரபியிலும் ஹீப்ருவிலும் குலைவதில்லை. அலுவலகங்களில் அடிக்கோட்டையே தூய்மையான பிரிப்புக் குறி என்று நம்பி எங்கும் பயன்படுத்தும் வழக்கம் பரவியிருக்கிறது. கலப்புப் பெயர்களில் அவ்வழக்கத்தை உடனே கைவிடுமாறு வற்புறுத்துவேன்.

அரபுத்தமிழ் நூல்களைச் சேமிப்போருக்கும் இதே விதி பொருந்தும். நூற்பெயரை அரபி லிபியில் எழுதி, அதன்பின் 12-15 என்று பக்கங்களைக் குறித்தால், அது 15-12 என்றே தமிழ்த் திரையில் தோன்றும். நூற்றுக்கணக்கான பக்கங்களைப் பகுதி பகுதியாகச் சேமிக்கும் பணியில் இது எத்தகைய குழப்பத்தை விளைவிக்கும் என்று விவரிக்கத் தேவையில்லை.

இவற்றுக்கெல்லாம் சிறந்த பரிகாரம், தேதியையும் எண்ணையும் பெயரின் தலைப்பில் வைத்துவிடுவதே. ‘2023-04-05 [ஃபாத்தூரா].பிடிஎஃப்’ என்று எழுதினால், இடமிருந்து வலமாகச் செல்லும் திரையில் அத்தேதி முற்றிலும் தன் வரிசையிலேயே நிற்கும். வலமிருந்து இடமாகச் செல்லும் அரபித் திரையிலோ தேதி முழுவதும் வலக்கோடிக்குச் செல்லுமே தவிர, அதன் உள்வரிசை அங்கும் குலையாது. தனக்கு முன்னால் அரபி எழுத்து எதுவும் இல்லாத மேற்கத்திய இலக்கம் அரபி இலக்கமாக மாற்றப்படுவதில்லை என்பதே இதன் இரகசியம். ஆண்டு, மாதம், நாள் என்னும் வரிசையில் எழுதுவதால் கோப்புகள் தாமாகவே காலமுறைப்படி அடுக்கப்படுவதும் ஒரு சௌகரியம். சிறுகோடுகூட வேண்டாமென்று கருதுவோர் ‘20230405’ என்று எட்டு இலக்கங்களையும் சேர்த்தே எழுதலாம்; சர்வதேசத் தரமும் அவ்வடிவை அனுமதிக்கிறது, அதனை எந்தத் திரையும் எந்த இடத்திலும் பிரித்துப் புரட்ட முடியாது. ஒரே ஒரு நிபந்தனை: இலக்கங்கள் நாம் அன்றாடம் எழுதும் மேற்கத்திய இலக்கங்களாகவே இருக்க வேண்டும். எகிப்திலும் வளைகுடாவிலும் வழங்கும் அரபி வடிவ இலக்கங்களால் சிறுகோட்டுத் தேதியை எழுதினால், அது தலைப்பில் நின்றாலும் புரண்டுவிடும்.

பின்னொட்டு இலக்கத்தில் தொடங்கும் கோப்புகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுருக்கிய கோப்புகளுக்கு ‘7இசட்’ என்னும் பின்னொட்டு உண்டல்லவா? ‘[ஃபாத்தூரா].7இசட்’ என்பது இடமிருந்து வலமான திரையில் ‘7.[ஃபாத்தூரா]இசட்’ என்று தோன்றும். ஏழும் புள்ளியும் சொல்லின் இடப்புறம் ஓடிவிட, ‘இசட்’ மட்டும் வலப்புறம் தனித்து நிற்கும். கோப்பு கெட்டுவிட்டதென்று அஞ்சி அதனை அழித்தல் கூடாது. அதற்கு எவ்விதக் கேடும் நேரவில்லை. அரபிச் சொல்லுக்கும் பின்னொட்டுக்கும் இடையே ஒரு தமிழ்ச் சொல்லோ ரோமன் சொல்லோ நின்றால் இந்தத் தோற்றப் பிழை எழாது. ஒரே பெயரில் மற்றொரு நகல் உண்டாகும்போது பெயரின் இறுதியில் தானாகவே சேரும் ‘(1)’ என்பதும் இத்தகையதே. பழைய செயலிகளில் ஓர் அடைப்புக்குறி ஒரு பக்கமும் மற்றொன்று மறுபக்கமுமாகச் சிதறி, இரண்டும் ஒரே முகமாகத் திரும்பி நிற்கும் காட்சியைப் பலரும் கண்டிருப்பர். 2013ஆம் ஆண்டு வெளிவந்த யூனிகோட் 6.3இல் அடைப்புக்குறிகளைச் சோடியாகக் கருதும் விதி சேர்க்கப்பட்டபின், அதனைப் பின்பற்றும் செயலிகளில் இக்குறை நீங்கிவிட்டது.

அடுத்தது கோப்புறைகளின் பாதை. ‘சி:\கணக்கு\[மஷ்ரூஉ]\[ஃபாத்தூரா]\மார்ச்.பிடிஎஃப்’ என்று ஒரு பாதை உண்டென்று கொள்வோம். திட்டத்தின் பெயரால் அமைந்த அரபிக் கோப்புறையினுள் விலைப்பட்டியல்களுக்குரிய அரபிக் கோப்புறை இருக்கிறது. இரண்டு அரபிச் சொற்களின் நடுவே நிற்கும் பின்சாய்கோடு திசையற்றதாதலால், அது அரபிப் போக்கில் அடங்கி, மூன்றும் ஒரே தொடராகிவிடுகின்றன. ஆகவே திரையில் ‘சி:\கணக்கு\[ஃபாத்தூரா]\[மஷ்ரூஉ]\மார்ச்.பிடிஎஃப்’ என்று, உள்ளிருப்பது வெளியிலும் வெளியிலிருப்பது உள்ளிலுமாகத் தோன்றும். இப்பாதையைப் பார்த்துக் கையால் தட்டச்சு செய்பவர், இல்லாத ஒரு கோப்புறையைத் தேடி அலைவார். பாதையை ஒருபோதும் பார்த்துத் தட்டச்சு செய்யாமல், முகவரிப் பட்டையிலிருந்து நகலெடுத்து ஒட்டுவதே முறை. நகலெடுக்கப்படுவது சேமிப்பு வரிசை ஆதலால் அதில் பிழை புகாது. நிரந்தரமான பரிகாரம் வேண்டுவோர், ஒவ்வொரு கோப்புறையின் பெயரையும் ‘01 [மஷ்ரூஉ] திட்டம்’ என்பதுபோல, இறுதியில் ஒரு தமிழ்ச் சொல்லோ ரோமன் சொல்லோ வருமாறு அமைத்துக்கொள்ள வேண்டும். அவ்வாறு இடையே நிற்கும் சொல், ஓர் அரபித் தொடர் அடுத்த அரபித் தொடரோடு சென்று ஒட்டிக்கொள்ளாதவாறு காக்கிறது.

கண்ணுக்குத் தெரியாத திசைக் குறிகள் சில யூனிகோடில் இருக்கின்றனவே, அவற்றைப் பெயரினுள் செருகித் தோற்றத்தைச் சரிசெய்துகொண்டால் என்ன என்று கேட்கலாம். உண்மைதான், 8206 என்னும் எண்ணுடைய குறி, கண்ணுக்குப் புலப்படாத ஓர் இடவல எழுத்தைப் போலச் செயல்படும், 8207 அதற்கு எதிரான திசையில் அவ்வாறே செயல்படும். ஒரு கடிதத்திலோ கட்டுரையிலோ அவற்றைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் கோப்பின் பெயரில் அவற்றைப் புகுத்துவதை நான் அறவே எதிர்க்கிறேன். கோப்பின் பெயர் படிப்பதற்கு மட்டும் ஏற்பட்டதன்று. அதனைக் கொண்டே கணினி கோப்பை அடையாளம் காண்கிறது. குறி செருகிய பெயரும் செருகாத பெயரும் கண்ணுக்கு ஒன்றாகவும் கணினிக்கு இரண்டாகவும் இருக்குமாதலால், ஒரே கோப்புறையில் முற்றிலும் ஒரே பெயருடைய இரு கோப்புகள் தோன்றும்; தேடும் பெட்டியில் சரியான சொல்லைத் தட்டச்சு செய்தும் கோப்பு அகப்படாது; விரிதாளில் எழுதிவைத்த பட்டியலோடு கோப்புகளை ஒப்பிட்டால் எல்லாம் பொருந்தியும் ஒன்று மட்டும் பொருந்தாது நிற்கும். கண்ணின் சௌகரியத்துக்காகப் பெயரின் நேர்மையைக் கெடுத்தல் தகாது. தோற்றத்தில் குறை காணப்பட்டால் பெயரின் அமைப்பை, அதாவது எது முன் எது பின் என்பதை, மாற்றியமைக்க வேண்டும். அது இயலாவிடில் காட்டும் செயலியைத் திருத்த வேண்டும்.

மறைகுறிகளை வெறுக்க மற்றொரு காரணமும் உண்டு. அது இன்னும் கடுமையானது. 8238 என்னும் எண்ணுடைய குறி, தனக்குப் பின்வரும் எழுத்துகள் எந்த லிபியினவாயினும் அவற்றை வலமிருந்து இடமாகத் திருப்பிக் காட்டுமாறு கட்டாயப்படுத்துவது. அரபியோ ஹீப்ருவோ அறியாத, ஆங்கிலப் பெயர்களையே கையாளுவோரையும் இதனைக் கொண்டு வஞ்சகர் ஏமாற்றி வருகின்றனர். 2013ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் மேக் கணினிகளைத் தாக்கிய ஜானிகாப் என்னும் தீநிரல், செயலிக்குரிய ‘ஏ-பி-பி’ என்ற பின்னொட்டைக் கொண்டிருந்தும், இந்தக் குறியின் மறைவில் பிடிஎஃப் ஆவணம்போலவே காட்சியளித்தது. விண்டோஸில் இயங்கும் டெலிகிராம் செயலியின் வழியாக அனுப்பப்பட்ட ஒரு தீநிரலைப் பற்றி 2018ஆம் ஆண்டு பிப்ரவரியில் காஸ்பர்ஸ்கை நிறுவனத்தார் வெளியிட்ட செய்தி இன்னும் தெளிவானது. அக்கோப்பின் பெயரில் ‘போட்டோ’ என்று தொடங்கும் சில எழுத்துகளுக்குப் பின் இம்மறைகுறியும், அதன்பின் ஜி, என், பி, புள்ளி, ஜே, எஸ் என்னும் எழுத்துகளும் வரிசையாக இருந்தன. திரையில் அவை ஆறும் புரண்டு, எஸ், ஜே, புள்ளி, பி, என், ஜி என்று தோன்றவே, பெற்றவர் கண்ட பின்னொட்டு படத்துக்குரிய ‘பி-என்-ஜி’. கணினி கண்ட பின்னொட்டோ நிரலுக்குரிய ‘ஜே-எஸ்’. படத்தைப் பார்க்க எண்ணித் திறந்தவர் நிரலை இயக்கிவிட்டார்.

இத்தகைய வஞ்சகத்தைக் கண்டுபிடிக்கும் உபாயங்கள் எளியவை. விண்டோஸில் கோப்புறையை விவரப் பட்டியலாக விரித்து, ‘டைப்’ என்னும் நிரலைப் பார்ப்பது முதல் உபாயம். அது தோற்றத்தைப் பொருட்படுத்தாமல் உண்மையான பின்னொட்டைக் கொண்டே நிரப்பப்படுவதாதலால், பெயரில் பிடிஎஃப் என்று கண்டும் அந்நிரலில் ‘அப்ளிகேஷன்’ என்று காணப்பட்டால் கோப்பைத் திறக்காமல் அகற்றிவிட வேண்டும். எஃப்2 விசையை அழுத்திப் பெயர்மாற்றும் பெட்டியைத் திறந்து, சுட்டியின் வலப்பொத்தானை அழுத்தினால் விரியும் பட்டியலில் யூனிகோட் கட்டுப்பாட்டுக் குறிகளைக் காட்டும் வசதியும் இருக்கிறது. லினக்ஸில் மொழிச்சூழலை ‘சி’ என்று மாற்றி, ‘எல்எஸ்’ கட்டளையை ‘-பி’ என்னும் விருப்பத்தோடு கொடுத்தால், ஆங்கிலம் அல்லாத எழுத்துகள் யாவும் எண்களாகவே பட்டியலிடப்படும். அதில் 342, 200, 256 என்னும் மூன்று எண்கள் அடுத்தடுத்து நின்றால் அதுவே வஞ்சகக் குறி. 342, 200, 216 என்று நின்றால் முன்னர்ச் சொன்ன இடவலக் குறி. அதில் வஞ்சகம் பெரும்பாலும் இராது, யாரோ தோற்றத்தைச் சரிசெய்ய முயன்றிருக்கிறார் என்று கொள்ளலாம். பைத்தான் மொழி அறிந்தவர் பெயரை ‘ஆஸ்கி’ என்னும் செயற்கூற்றின் வழியே செலுத்திப் பார்த்தால் மறைந்திருப்பவை யாவும் வெளிப்பட்டுவிடும்.

பெயரை மாற்றும் செயலிலும் ஒரு ஜாக்கிரதை வேண்டும். அரபிப் பகுதியும் தமிழ்ப் பகுதியும் சந்திக்கும் எல்லையில் இடங்காட்டி நிற்கும்போது, அடுத்து எழுதப்படும் எழுத்து அரபியானால் ஓரிடத்திலும் தமிழானால் வேறோரிடத்திலும் போய்ச் சேரும். ஆகையால் எல்லைக்கருகே ஓரிரு எழுத்துகளைச் சுட்டியால் இழுத்துத் தேர்ந்தெடுத்துத் திருத்த முயல்வது வீண் சிரமமாக முடியும். பெயர் முழுவதையும் அழித்துவிட்டு, வாயால் சொல்லும் வரிசையில் தொடக்கத்திலிருந்து தட்டச்சு செய்வதே விரைவான வழி. தட்டச்சு செய்யும்போது திரையில் எழுத்துகள் இடவலமாகத் தாவுவதைக் கண்டு கலங்க வேண்டாம். கை சொல்லும் வரிசையைப் பின்பற்றினால் சேமிப்பு சரியாகவே அமையும்.

நீளத்தைப் பற்றியும் நினைவிற்கொள்க. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையில் ஒரு பெயருக்கு 255 குறியலகுகள் வரை இடமுண்டு. அரபி எழுத்தும் தமிழ்க் குறியீடும் ஒவ்வொன்றும் ஓரலகே கொள்ளும். லினக்ஸின் எக்ஸ்ட்4 முறையிலோ வரம்பு 255 பைட்டுகள். அரபி எழுத்து ஒன்று இரண்டு பைட்டுகளையும், தமிழ்க் குறியீடு ஒன்று மூன்று பைட்டுகளையும், மறைகுறி ஒன்றும் மூன்று பைட்டுகளையும் விழுங்கும். ‘கோப்பு’ என்னும் சிறு சொல், மெய், புள்ளி, உயிர்க்குறி எல்லாம் சேர ஆறு குறியீடுகளாகி, 18 பைட்டுகளைக் கொள்கிறது. எனவே நூற்பெயரை அரபியிலும் தமிழிலும் முழுமையாக எழுதி விண்டோஸில் சேமித்த கோப்பு, லினக்ஸில் இயங்கும் நூலகச் சேமிப்புக்கு அனுப்பப்படும்போது ஏற்கப்படாமல் திரும்பக் கூடும். கோப்பின் தலைப்பில் வரிசையெண்ணும் தேதியும், அதன்பின் ஒரே ஒரு அரபிச் சொல்லும், இறுதியில் ஒரு தமிழ்ச் சொல்லும் இருந்தால் போதும். நூலின் முழுப் பெயரையும் ஆசிரியர் பெயரையும் விரிதாளில் எழுதி வைப்பதே நலம்.

கோப்பின் பெயரைக் கடிதத்திலோ அறிக்கையிலோ குறிப்பிட நேரும்போது, அதனை வாக்கியத்தின் நடுவில் புதைக்காமல் தனி வரியில் எழுதுவது நல்லது. வாக்கியத்தின் நடுவில் நின்றால் அதன் இறுதி இலக்கமும் வாக்கியத்தின் அடுத்த எண்ணும் ஒன்றையொன்று இழுத்து இரண்டுமே இடம் மாறக் கூடும். செயலி ஆக்குவோருக்கு இதைவிடச் செம்மையான கருவி உண்டு. யூனிகோட் 6.3 அளித்த தனிமைக் குறிகளுள் 8296 என்பதைப் பெயருக்கு முன்னும் 8297 என்பதைப் பின்னும் காட்டும் நேரத்தில் மட்டும் சேர்த்தால், பெயரின் திசை சுற்றியுள்ள வாக்கியத்தைத் தீண்டாது, வாக்கியத்தின் திசையும் பெயரைத் தீண்டாது. எச்டிஎம்எல் மொழியில் இதே காரியத்துக்கென ‘பிடிஐ’ என்னும் உறுப்பு இருக்கிறது. பாதையைக் காட்டும்போது அதனை முழுவதாக ஒரே தனிமைக்குள் அடைப்பது போதாது. ஒவ்வொரு கோப்புறையின் பெயரையும் தனித்தனியே அவ்வாறு அடைத்து, அவற்றை இணைக்கும் பின்சாய்கோடுகளை வெளியே விட வேண்டும். அப்போதுதான் தாயும் சேயும் தத்தம் ஸ்தானத்தில் நிற்கும்.

முன்பே குவிந்து கிடக்கும் பழைய கோப்புகளின் பெயர்களைத் திருத்த முற்படுவோர், எதையும் தொடுமுன், உள்ள பெயர்களை உள்ளவாறே ஒரு யூட்டிஎஃப்-8 பட்டியலில் ஏற்றிக்கொண்டு, அதன் இரண்டாம் நிரலில் புதுப் பெயரை எழுதி, அப்பட்டியலைக் கொண்டே கணினி நிரல் ஒன்றின் மூலம் பெயர்மாற்ற வேண்டும். புதுப் பெயரில் தேதியை எழுதும்போது, திரையில் கண்ட தேதியை நம்பாமல், கோப்பைத் திறந்து ஆவணத்தினுள் அச்சாகியுள்ள தேதியையே பார்த்து எழுத வேண்டும். முன்பிருந்தவர் தோற்றத்தைக் கண்டு தவறாகத் “திருத்தி” வைத்த பெயர்கள் அக்குவியலில் எத்தனை என்பதைப் பெயர்களைக் கொண்டு மட்டும் அறிய வழியில்லை. பழைய பெயர்கள் அடங்கிய முதல் நிரலைத் திருத்தம் முடிந்த பின்னரும் அழிக்காமல், அதே கோப்புறையில் வைத்துவிடுங்கள்; பழைய கடிதம் ஒன்றில் பழைய பெயரைக் கண்டு கோப்பைத் தேடி வருபவருக்கு அது உதவும்.